‘இருந்திருந்தால்’ ஓர் உலகம், ‘இருக்கிறது’ ஓர் உலகம்: மாற்றுப் பிரபஞ்சமும் இணைப் பிரபஞ்சமும்

மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் கண்ணெதிரே பஸ் கிளம்பிப் போவதைப் பார்த்தவர் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வார்: “ரெண்டு நிமிஷம் முன்னாடி மட்டும் வந்திருந்தா இந்நேரம் பஸ்ஸுக்குள்ள உக்காந்திருப்பேண்ணே.” இந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு முழு உலகம் இருக்கிறது. அங்கே அவருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணுகிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒத்தக்கடையும் யானைமலையும் வரும். அந்த உலகத்துக்கு மாற்றுப் பிரபஞ்சம் என்று பெயர். இணைப் பிரபஞ்சம் என்பது வேறு.

சினிமாவும் காமிக்ஸும் யூடியூபும் இரண்டையும் ஒரே பொருளாக்கிவிட்டன. ‘பேரலல் யுனிவர்ஸ்’, ‘ஆல்டர்நேட் யுனிவர்ஸ்’, ‘மல்டிவர்ஸ்’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறோம், கேட்பவரும் தலையாட்டுகிறார். பொழுதுபோக்குக்கு அது போதும். இயற்பியல் செய்தியைப் படிக்கும்போதும், சொந்தமாக ஒரு கதை எழுத உட்காரும்போதும் இந்தக் குழப்பம் காலை வாரிவிடும்.

பிரித்தறியத் தமிழ் இலக்கணமே கை கொடுக்கிறது. ஓர் உலகத்தைப் பற்றிப் பேச ‘வந்திருந்தால், இருந்திருந்தால், இருப்பேன்’ என்ற வினைவடிவம் தேவைப்பட்டால் அது மாற்றுப் பிரபஞ்சம். ‘அங்கே இருக்கிறது’ என்று நிகழ்காலத்தில் அடித்துச் சொன்னால் அது இணைப் பிரபஞ்சம். முதலாவது ஓர் ஒப்பீடு. அதற்கு நம் உலகம்தான் அடிமனை, அதில் ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். இரண்டாவது, இப்படி ஒன்று உண்டு என்ற கூற்று. அந்த உலகம் நம்முடையதைப் போல இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

மதுரைக்காரர்களுக்கு இதை வீதியை வைத்தே காட்டலாம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரத்துக்கு வெளியே சதுரமாக விரிகின்றன. மேல ஆவணி மூல வீதியும் மேல மாசி வீதியும் மேல வெளி வீதியும் ஒன்றுக்கொன்று இணையாகப் போகின்றன. ஒன்றில் நிற்பவருக்கு மற்றதில் நடப்பது தெரியாது. ஆனால் மூன்றும் இதே நொடியில் இருக்கின்றன. மேல வெளி வீதி என்பது மேல மாசி வீதியில் ஒரு கடையை மட்டும் மாற்றி வைத்த நகல் அல்ல. அது தனக்கென்று கடை, தனக்கென்று கூட்டம், தனக்கென்று நெரிசல் உள்ள வேறு வீதி. ‘இணை’ என்ற சொல் இருப்பைச் சொல்கிறது, ஒற்றுமையைச் சொல்லவில்லை.

அதே மாசி வீதியை மாற்றுக்கும் எடுத்துக்கொள்ளலாம். சித்திரைத் திருவிழாவின் தேர் ஏன் மாசி வீதிகளைச் சுற்றி வருகிறது? மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் முன்பு மாசியில் நடந்தன என்றும், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்றும் சொல்லப்படுகிறது. அவர் சேர்க்காமலே விட்டிருந்தால்? மாசியில் தேர் ஓடியிருக்கும், அழகர் தனியாகச் சித்திரையில் வந்திருப்பார், அண்ணன் தங்கை கல்யாணத்துக்குப் பிந்தி வந்த கதைக்கு வேலையே இருந்திருக்காது. இந்த மதுரை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அது நாம் நினைத்துக் கட்டியது. அதுதான் மாற்றுப் பிரபஞ்சம்.

மாற்றுப் பிரபஞ்சத்தை ஒழுங்காகக் கட்டுவது

கதை, குறும்படம், வரலாற்றுக் கற்பனை எதற்காக இருந்தாலும் முதல் வேலை பிரிபுள்ளியைக் குறிப்பது. எந்தத் தேதி, எந்த இடம், எந்த ஒரே ஒரு விஷயம் வேறாக நடந்தது? இதைத் தெளிவாக எழுதி வைக்காததால்தான் பாதிக் கதைகள் நடுவழியில் கலைகின்றன. நம் வட்டாரத்திலேயே முல்லைப் பெரியாறு போன்ற நல்ல பயிற்சிக்களம் வேறு இல்லை என்பது எங்கள் எண்ணம். அதன் வரலாற்றில் பிரிபுள்ளிகள் வரிசையாக நிற்கின்றன.

மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பலாம் என்று 1789-இலேயே யோசித்துப் பார்த்தவர் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்து இருளப்பப் பிள்ளை. செலவுக்கு வழியில்லாமல் அது நின்றது. 1808-இல் கேப்டன் கால்டுவெல் என்ற கும்பினிப் பொறியாளர் போய்ப் பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். 1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. 1887-இல் வேலை தொடங்கி, 1895-இல் பென்னிகுக்கின் அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கி வைகையில் சேர்ந்தது.

பிரிபுள்ளியை 1808-இல் வைப்போம். இங்கே புதிதாக எழுதுகிறவர் செய்யும் முதல் தப்பு, ‘1808-இலேயே அணை கட்டிவிட்டார்கள்’ என்று எழுதுவது. அது விளைவு, மாற்றம் அல்ல. மாற்றம் சின்னதாக, ஒரு மனிதரின் கையில் இருக்க வேண்டும்: கால்டுவெல்லின் அறிக்கையில் ‘முடியாது’ என்ற இடத்தில் ‘முடியும்’ என்று இருந்தது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக ஓடி வர வேண்டும்.

ஓடி வருமா? மாற்றுப் பிரபஞ்சத்தில் இயற்பியலும் வேதியியலும் மாறுவதில்லை. மலையைக் குடைய வேண்டிய நீளம் ஒரு மைலுக்கும் மேல். டைனமைட்டுக்கு நோபல் காப்புரிமை வாங்கியது 1867-இல். 1808-இல் கையில் இருந்தது கரிமருந்து. மலேரியாவுக்கு உதவும் குவினைனைச் சிங்கோனாப் பட்டையிலிருந்து பிரித்தெடுத்ததே 1820-இல்தான். நிஜத்தில் 1887-க்குப் பின் நடந்த வேலையிலேயே மலேரியாவும் காலராவும் கூலியாட்களை அள்ளிக்கொண்டு போயின, வெள்ளம் கட்டியதை இடித்துக்கொண்டு போனது. அப்படியானால் 1808-இன் ‘முடியும்’ என்ற அறிக்கை பெரும்பாலும் ஒரு பாதிச் சுரங்கத்திலும் நிறையக் கல்லறைகளிலும் போய் நின்றிருக்கும். அந்தத் தோல்வியைக் காட்டியே 1887-இல் பணம் கொடுக்க மறுத்திருப்பார்கள். நல்லது செய்யப் போட்ட மாற்றம், நமக்கு இன்று இருக்கும் அணையையும் பறித்துக்கொண்டு போகிறது. பிரிபுள்ளியை நேர்மையாகப் பின்தொடர்ந்தால் இப்படித்தான் எதிர்பாராத இடத்தில் கொண்டுபோய் விடும். கதைக்குச் சுவை அங்கேதான்.

வாதத்துக்காக, எப்படியோ பாடுபட்டு 1850-க்குள் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று வைப்போம். அடுத்து பத்து ஆண்டு, முப்பது ஆண்டு, நூறு ஆண்டு என்று படிப்படியாகப் போக வேண்டும். பத்து ஆண்டில் மேலூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி நஞ்சையாகிறது. முப்பது ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் வருகிறது. மழை பொய்ப்பது மாறாது, வானிலைக்கு கால்டுவெல்லின் அறிக்கையோடு சம்பந்தமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் இருக்கிறது. பிழைக்க வழியில்லாமல் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் ஒரு பகுதி ஊரிலேயே தங்கிவிடுகிறது. கல்யாணங்கள் மாறுகின்றன, நிலத்தகராறுகள் மாறுகின்றன.

நூறு ஆண்டுக்கு வரும்போது எல்லோரும் சறுக்கும் இடம் வருகிறது: ‘அந்த மதுரையில் நான் என்னவாக இருந்திருப்பேன்?’ கறாராகச் சொன்னால், இருந்திருக்க மாட்டீர்கள். ஒரு கருத்தரிப்பில் பல கோடி விந்தணுக்களில் ஒன்றுதான் முட்டையைச் சேர்கிறது. நேரம் சற்று நகர்ந்தாலும் சேர்வது வேறொன்றாகிவிடும். தாத்தாவும் பாட்டியும் அதே இருவராக இருந்தாலும், அன்று வாய்க்கால் மடை திறக்கத் தாத்தா போக வேண்டியிருந்தது என்றால் பிறப்பது உங்கள் அப்பா அல்ல, பிறக்காமல் போன ஒரு பெரியப்பாவோ அத்தையோ. ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: பிரிபுள்ளிக்கு முன் பிறந்தவர்கள் அப்படியே இருக்கலாம். சில பத்தாண்டுகளுக்குப் பின் பிறந்தவர்கள் எல்லோரும் புது மனிதர்கள். சினிமாவில் கதாநாயகன் அதே முகத்தோடு வேறு சட்டையில் வருகிறான் என்றால், இயக்குநர் வேண்டுமென்றே அந்தக் கணக்கைத் தள்ளி வைத்திருக்கிறார். அது அவர் உரிமை. தெரிந்து தள்ளுவதும் தெரியாமல் தவறுவதும் வேறு வேறு.

இரண்டு மாற்றங்களை ஒரே கதையில் போட்டால் எந்த விளைவு எதனால் வந்தது என்று வாசகருக்குப் பிடிபடாது. அதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப் பிரபஞ்சம்: ஒன்றல்ல, பல வகை

இயற்பியலாளர் ‘இணைப் பிரபஞ்சம்’ என்று சொன்னால் எந்த வகை என்று கேட்க வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல கொள்கைகளிலிருந்து இந்தச் சொல் வருகிறது. இன்றைய தேதியில் எதுவும் சோதனையால் நிரூபிக்கப்படவில்லை.

எளிதானது, தொலைவால் பிரிந்தது. யானைமலை போன்ற ஒரு பாறைமேல், தரையிலிருந்து 100 மீட்டர் உயரத்தில் நின்றால் அடிவானம் ஏறத்தாழ 36 கிலோமீட்டரில் இருக்கும். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தொலைவு கிடைக்கும். அதற்கு அப்பால் பரமக்குடித் தரை தெரியாது. தெரியாததால் பரமக்குடி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பிரபஞ்சத்துக்கும் இப்படி ஓர் அடிவானம் உண்டு. அதன் வயது 1380 கோடி ஆண்டு. இடைப்பட்ட காலத்தில் வெளியும் விரிந்ததால், நமக்கு ஒளி வந்து சேரக்கூடிய எல்லை இன்று எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 4600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதற்கு அப்பாலும் இதே வெளி, இதே விதிகள், வேறு விண்மீன் திரள்கள். அங்கே இருப்பவருக்கு அவரைச் சுற்றி ஓர் அடிவானம்.

இதில் ‘உங்களைப் போலவே ஒருவர்’ எங்கிருந்து வருகிறார்? மார்கழிக் கோலத்தை வைத்துப் பார்க்கலாம். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை, ஒன்பது புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் வெள்ளை அல்லது சிவப்பு. மொத்தம் 512 விதமாகப் போடலாம், அதற்கு மேல் வழியில்லை. தெருவில் 513 வீடு இருந்தால் குறைந்தது இரண்டு வாசலில் ஒரே கோலம் இருந்தே தீரும். நான்குக்கு நான்கு என்றால் 65,536. ஐந்துக்கு ஐந்து என்றால் மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்துக்கு மேல். எண் பெரிதாகிறது, முடிவில்லாமல் போவதில்லை. நம் அடிவானத்துக்குள் அணுக்கள் அமையக்கூடிய விதங்களும் அப்படி முடிவுள்ள எண்தான் என்பது வாதம். வெளி முடிவில்லாதது என்றால் எங்கோ இதே அமைப்பு திரும்ப வரும். உங்களைப் போலவே ஒருவர் மிக அருகில் எவ்வளவு தொலைவில் இருக்கலாம் என்று இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க் 2003-இல் மதிப்பிட்டுக் காட்டினார். மீட்டரில் எழுதினால் 1-க்குப் பின் வரும் பூஜ்ஜியங்களின் எண்ணிக்கையைக் குறிக்கவே 29 இலக்கம் வேண்டும்.

இந்த வாதத்தில் இரண்டு முடிச்சுகள் உண்டு. வெளி முடிவில்லாதது என்பது அனுமானம், அளந்து கண்டதல்ல. அடுத்து, 513 வீட்டில் ஏதோ இரண்டு ஒத்துப்போகும் என்பதுதான் உறுதி. உங்கள் வாசல் கோலமே திரும்ப வரும் என்று சொல்ல, கோலங்கள் ஒரு பக்கமும் சாயாமல் கலந்து விழ வேண்டும், வீதியும் முடியாமல் நீள வேண்டும். யூடியூப் விளக்கங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது முடிச்சைச் சொல்வதில்லை.

இன்னொரு வகை குமிழ்கள். பிரபஞ்சம் தொடக்கத்தில் மிகக் குறுகிய நேரத்தில் பேரளவு வீங்கியது என்ற கருத்தை 1980-களின் தொடக்கத்தில் ஆலன் கூத் முன்வைத்தார். லிண்டே, விலென்கின் போன்றவர்கள் அந்த வீக்கம் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் நிற்காது என்று காட்டினார்கள். ஊத்தப்பத்தில் மாவு அங்கங்கே குமிழ் விடுவதுபோல, நின்ற இடமெல்லாம் ஒரு குமிழ்ப் பிரபஞ்சம். மாவு குமிழ்களைவிட வேகமாக விரிந்துகொண்டே போவதால் பெரும்பாலானவை தொட்டுக்கொள்வதில்லை. குமிழுக்குக் குமிழ் இயற்கையின் மாறிலிகளே (துகள்களின் நிறை போன்ற நிலையான எண்கள்) வேறாக இருக்கலாம். நம் குமிழில் நியூட்ரான் புரோட்டானைவிட 0.14 சதவீதம் கனம். இது தலைகீழாக இருந்தால் சாதாரண ஹைட்ரஜன் அணு நிலைக்காது, நாம் அறிந்த தண்ணீர் இருக்காது. அங்கே வைகையும் இல்லை, வைகை வறண்டது என்று வருத்தப்பட ஆளும் இல்லை. இது சுத்தமான இணைப் பிரபஞ்சம், இதை மாற்று என்று சொல்லவே முடியாது. ஒப்பிட ஒரு பொதுப் பழங்காலம் இல்லையே. இரண்டு குமிழ்கள் மோதியிருந்தால் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சில் (தொடக்க காலத்தின் மிச்ச ஒளியில்) வட்டத் தழும்பு இருக்கலாம் என்று 2011-இல் டபிள்யூமாப் செயற்கைக்கோளின் தரவில் தேடிப் பார்த்தார்கள். உறுதியான தடயம் சிக்கவில்லை.

திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் அண்டங்கள் நூற்றொரு கோடிக்கு மேல் விரிந்து கிடப்பதாகப் பாடியதைக் காட்டி ‘இதை நாம் அன்றே சொல்லிவிட்டோம்’ என்பவர்கள் உண்டு. அந்தப் பாட்டு இறைவனின் அளவிட முடியாமையைச் சொல்ல வந்தது. அதன் உயரம் அதில் இருக்கிறது. அதை மாறிலிகளின் கணக்கோடு முடிச்சுப் போடுவது இரண்டுக்குமே நியாயம் செய்வதாகாது.

இரண்டு சொற்களும் சந்திக்கும் ஒரே இடம்

குவாண்டம் இயற்பியலின் பல உலகக் கொள்கையை வீட்டில் ஒரு தலைமுடியை வைத்துத் தொடங்கலாம். சிவப்பு லேசர் பாயிண்டர் ஒன்று, 5 மில்லிவாட்டுக்கு மேற்படாதது. பச்சை வேண்டாம். மலிவான பச்சையில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கலந்து வரலாம். ஒரு முடியைக் கதிர் வெளிவரும் ஓட்டைக்குக் குறுக்கே, நட்ட நடுவில், தொய்வில்லாமல் செல்லோடேப்பால் ஒட்டுங்கள். அறையை இருட்டாக்கி, இரண்டு மீட்டர் தள்ளி உள்ள வெள்ளைச் சுவரில் அடியுங்கள். கண்ணில் படக் கூடாது, கண்ணாடி, எவர்சில்வர்ப் பாத்திரம் எதிரே இருக்கக் கூடாது.

சுவரில் முடியின் நிழல் ஒரு கருங்கோடாக விழாது. முடி செங்குத்தாக இருந்தால், இடமும் வலமும் ஒளிப்பொட்டுகள் வரிசையாக, இடையிடையே இருட்டோடு நீளும். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கு, சுவர் இரண்டு மீட்டரில் இருந்தால், 1.3-ஐ அடுத்தடுத்த இருட்டுகளின் இடைவெளியால் (மில்லிமீட்டரில்) வகுத்தால் முடியின் தடிப்பு மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். இடைவெளி 18 மில்லிமீட்டர் என்றால் முடி ஏறத்தாழ 0.07. பொட்டுகள் தெரியாவிட்டால் பெரும்பாலும் முடி கதிருக்கு வெளியே நகர்ந்திருக்கும், அல்லது சுவர் மிக அருகில் இருக்கும். அரை மீட்டரில் அடித்தால் எல்லாம் நெருங்கி, பிரித்துப் பார்ப்பது கடினமாகும்.

முடியின் இரு பக்கமும் வந்த ஒளி ஒன்றோடொன்று கலந்துதான் இந்த வரிசையை வரைகிறது. இதில் புதிர் எங்கே? ஒளியை மிக மிக மங்கலாக்கினாலும் இதே வகை வரிசை உருவாவதை 1909-இல் ஜி. ஐ. டெய்லர் ஓர் ஊசியின் நிழலை மாதக்கணக்கில் படம் பிடித்துக் காட்டினார். 1989-இல் டொனோமுராவின் ஜப்பானியக் குழு எலக்ட்ரான்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியது. ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாக விழுந்தது, ஆயிரக்கணக்கில் சேர்ந்தபின் வரிகள் எழுந்தன. தனியாக வரும் ஒன்று இரு பக்கத்தையும் எப்படியோ கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் எங்கே விழுந்தது என்று பார்த்தால் ஒரே இடம்தான்.

மற்ற இடங்களில் விழுந்திருக்கக்கூடிய வாய்ப்புகள் என்ன ஆயின? வழக்கமான பதில், அவை அளக்கும்போது மறைந்தன என்பது. 1957-இல் பிரின்ஸ்டனில் ஜான் வீலரிடம் ஆய்வு செய்த ஹியூ எவரெட், மறைகிறது என்ற விதியே குவாண்டம் சமன்பாட்டில் இல்லை, நாம்தான் வெளியிலிருந்து சேர்க்கிறோம் என்றார். சேர்க்காமல் விட்டால் எல்லா விளைவுகளும் நடக்கின்றன. ஒவ்வொன்றையும் கண்ட ‘நாம்’ ஒவ்வொரு கிளையில் இருக்கிறோம். பிரைஸ் டிவிட் 1970-இல் இதைப் ‘பல உலகங்கள்’ என்ற பெயரில் பரப்பினார். இங்கேதான் ‘விழுந்திருந்தால்’ என்பது ‘விழுந்திருக்கிறது’ என்று வினைமுற்றாகிறது. பிரியும் கணம் வரை ஒரே வரலாறு உள்ளதால் அது மாற்று, இரண்டு கிளையும் இருக்கின்றன என்பதால் இணை. முடிப் பரிசோதனை இதை நிரூபிக்காது. எவரெட்டை ஏற்காதவரின் கணக்கும் அதே பொட்டுகளைத்தான் தருகிறது.

இந்தக் கொள்கையைப் பற்றி மிக அதிகமாகப் பரவியிருக்கும் தவறு, ‘நான் காபியா டீயா என்று முடிவெடுக்கும்போது உலகம் இரண்டாகிறது’ என்பது. கிளையை உண்டாக்குவது உங்கள் முடிவு அல்ல. ஒரு வாழைப்பழத்தைக் கையில் எடுங்கள். சிறுமலைப் பழமாகவே இருக்கட்டும். பழத்தில் உள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு பொட்டாசியம்-40, கதிரியக்கம் உள்ளது. உரித்த சதை 100 கிராம் இருந்தால் நொடிக்குப் பத்துப் பதினோரு அணுக்கள் சிதைகின்றன. உடம்புக்கு இதனால் ஒன்றும் ஆகாது. சிதையும் நூறில் ஏறத்தாழ 89 கால்சியமாகவும் 11 ஆர்கானாகவும் மாறுகின்றன. எந்த அணு, எந்த நொடி, கால்சியமா ஆர்கானா என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் எதையும் குவாண்டம் விதி தரவில்லை. சிதைவிலிருந்து கிளம்பிய எலக்ட்ரான் பக்கத்து அணுக்களை இடித்துக்கொண்டு போகிறது, நடந்தது சுற்றுப்புறத்தில் பதிவாகிவிடுகிறது. அதன்பின் இந்தக் கிளையும் சிதையாத கிளையும் மறுபடி கலக்க வழியில்லை. எவரெட் சொல்வது சரியென்றால் கிளை பிரிவது இங்கே, பழத்துக்குள்.

இரண்டு கிளையிலும் நீங்கள் அதே பழத்தை அதே ருசியோடு தின்கிறீர்கள். கிளை பிரிவதும் வாழ்க்கை மாறுவதும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை. ஒரு முடிவைக் குவாண்டம் நிகழ்வோடு கட்டிவிட விரும்பினால் வழி உண்டு. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் வெற்றிடத்தின் குவாண்டம் ஏற்ற இறக்கத்தை அளந்து, அதிலிருந்து வரும் எண்களை இணையத்தில் தருகிறது. ஒற்றைப்படை வந்தால் காபி, இரட்டைப்படை வந்தால் டீ என்று வைத்துக்கொண்டு குடித்தால், எவரெட்டின் கணக்குப்படி இரண்டையும் குடித்த நீங்கள் உண்டு. சுண்டிய நாணயம் இதற்கு உதவாது. அது எப்படி விழும் என்பதைப் பெரும்பாலும் விரலின் உந்துதலும் சுழற்சியும் உயரமும் தீர்மானிக்கின்றன.

கிளையிலிருந்து கிளைக்குப் போக முடியுமா? இந்தச் சமன்பாட்டில் கதவு இல்லை. குமிழுக்கும் அடிவானத்துக்கு அப்பாலுக்கும் அதே நிலைதான். உலகம் விட்டு உலகம் தாண்டுவது முழுக்கக் கதைக்காரரின் சொத்து.

செய்தி வந்தால் என்ன பார்ப்பது

2020 மே மாதம் ‘இணைப் பிரபஞ்சத்தை நாசா கண்டுபிடித்துவிட்டது, அங்கே காலம் பின்னோக்கி ஓடுகிறது’ என்ற செய்தி வாட்ஸப்பில் சுற்றியது. நடந்தது இது: அண்டார்டிகாவுக்கு மேல் பலூனில் பறந்த அனிட்டா என்ற கருவி, மேலிருந்து வரவேண்டிய உயர் ஆற்றல் துகள்களின் ரேடியோத் துடிப்பைத் தேடியது. சில துடிப்புகள் கீழிருந்து, பூமியைத் துளைத்து வந்ததுபோலத் தோன்றின. அது விளக்கப்படாத அளவீடு. பெருவெடிப்புக்கு அந்தப்புறம் நம்முடையதன் கண்ணாடிப் பிம்பம் போன்ற ஒரு பிரபஞ்சம் இருக்கலாம் என்று சில கோட்பாட்டாளர்கள் தனியாக எழுதியிருந்தது தலைப்பில் ஒட்டிக்கொண்டது. அளந்தது துடிப்பை மட்டும்தான்.

இப்படி ஒன்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அடிவானம், குமிழ், கிளை, வேறெதுவோ, எந்த வகை? எதை அளந்தார்கள், எதை அனுமானித்தார்கள்? நமக்கும் அதற்கும் பொதுவான பழங்காலம் உண்டா? மூன்றாவதுக்கு ‘இல்லை’ என்றால் அங்கே உங்கள் சாயலில் ஒருவர் இருப்பார் என்று படம் போட்டிருப்பது வெறும் அலங்காரம்.

எழுதும்போது சொல்லை எப்படிப் போடுவது என்பதும் இதிலிருந்தே வரும். 1808-இல் அறிக்கை மாறிய மதுரையைப் பற்றி மட்டும் எழுதுகிறீர்கள், நம் மதுரை கதையில் எட்டிப் பார்க்கவே இல்லை என்றால் ‘மாற்று’. இரண்டு மதுரையும் கதைக்குள் இருக்கின்றன, மேலூர்க்காரர் ஒருவர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்த் தன் வயலைத் தேடுகிறார் என்றால் ‘இணை’. அந்த இரண்டாவது மதுரை ஒரு பிரிபுள்ளியிலிருந்து கிளைத்தது என்றால் இரண்டு சொல்லும் பொருந்தும். இப்படிப் பல உலகங்களையும் மொத்தமாகச் சேர்த்துச் சொல்லத்தான் ‘மல்டிவர்ஸ்’, தமிழில் பல்லண்டம். தனி ஓர் உலகத்தை அந்தப் பெயரால் அழைப்பது, மேல மாசி வீதியைக் காட்டி ‘இதுதான் மதுரை’ என்பதுபோல. கடந்த காலத்துக்குப் போய் ஒன்றை மாற்றிவிட்டுத் திரும்பும் கதைகளில், பழைய உலகம் அழிந்ததா, பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதல் பக்கத்தை எழுதும் முன் முடிவு செய்துகொள்ளுங்கள். அழிந்தது என்றால் திரும்பி வருகிறவர் நினைவில் இருக்கும் ஊரும் மனிதர்களும் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அங்கே அவர் வீட்டில் அவரைக் காணோம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.